விரலை எடுத்த பிறகு

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. மழையைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அன்று காலை கம்பெனி பேருந்தில் வரும்போது வல்லம் வடகால் சாலையோரம் நின்ற தண்ணீர் லாரிகளை எண்ணினேன்: பதினான்கு. எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் பழக்கம். எண்ணியிருக்க வேண்டிய இடத்தில் எண்ணாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டார்கள். நின்று பேச எனக்கு முகம் இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தலைக்கவசம், காலணி, சங்கிலிச் சோதனை எல்லாவற்றுக்கும் உங்களிடம் புத்தகம் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரு விசாரணையில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைப் பற்றி. அதற்கு ஒரே சொல்லில் பதில் சொன்னேன். பதில் தவறு. அதனால் வேலை போனது எனக்கில்லை.

நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஆலையில் கார்களின் கதவுகளையும் கூரைகளையும் தகட்டில் அழுத்தி எடுப்பார்கள். அழுத்துகிற இரும்பு அச்சுக்கு டை என்று பெயர். ஒவ்வொன்றும் நான்கு டன், ஐந்து டன் இருக்கும். ஆலைக் கூரைக்கு அடியில் ஓடும் கிரேன் அதைக் கம்பிக் கயிற்றில் தூக்கிக்கொண்டு போய் இரும்பு ஸ்டாண்டில் வைக்கும். கீழே நடந்துகொண்டே கிரேனை ஓட்டுகிறவர் கையில் ஒரு பட்டன் பெட்டி தொங்கும். அமுக்கினால் கிரேன் ஓடும், விட்டால் பிரேக் பிடித்து நிற்கும்.

அன்று ஓட்டியவர் இசக்கிமுத்து. வயது முப்பத்தைந்து. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். ஒப்பந்தத் தொழிலாளியாக ஆறு வருடம் வேலை செய்து, ஆகஸ்டில் நிரந்தரமாகப் போகிற பதினொரு பேர் பட்டியலில் ஐந்தாவது பெயராக இருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். வேலை நிரந்தரமானதும் ஊரிலிருந்து மனைவியையும் மகளையும் அழைத்து வரப் போவதாக எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

ஸ்டாண்டின் மேல் மரக்கட்டை வைத்துக்கொண்டிருந்தவர் தேவராஜ். வல்லம் வடகாலைச் சேர்ந்தவர். நாற்பத்தெட்டு வயது. டை வந்து இடித்ததில் அவருடைய இடது கை ஸ்டாண்டுக்கும் டைக்கும் நடுவில் மாட்டியது. இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் மாலை ஸ்ரீபெரும்புதூரில் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். கையில் பெரிய கட்டு. பக்கத்தில் அவர் மனைவி.

"இன்னா சார் பண்றது," என்றார் தேவராஜ். "கட்டைய வச்சிகினு இருந்தேன். 'ஏலே, வெலகு'ன்னு அவுங்க ஊரு பாஷைல கத்தினான் இசக்கி. நிமுந்து மேல பாத்தேன். கிரேன் நின்னுடுச்சு. நின்னுடுச்சேன்னு நானும் நின்னுட்டேன்."

"நகர்ந்திருக்கலாமே."

"நீங்கதான சார் கிளாஸ்ல சொன்னீங்க? வெரல எடுத்தா நின்னுடும், பயப்படாதீங்கன்னு."

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். அவரே தொடர்ந்தார்.

"கம்பெனி கட்டுன எடம் முன்ன எங்க மாமா நெலம் சார். சின்ன வயசுல அங்கதான் ஒரு எருமை என்ன முட்டிச்சு. இப்ப இது முட்டிச்சு. அந்த எடத்துக்கும் நமக்கும் ராசியே இல்ல."

"ரெண்டு வெரலு பூட்ச்சு, பேச்ச பாரு," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மாள் அழுதுகொண்டேதான் சிரித்தார்.

அந்தப் பேச்சிலேயே எனக்கு எல்லாம் கிடைத்திருந்தது. மேலே கிரேன் நின்றுவிட்டது, கீழே டை நிற்கவில்லை. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது: 'பாதிக்கப்பட்டவர் விலகவில்லை.' அவ்வளவுதான்.

விசாரணை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. மேசைக்கு இந்தப் பக்கம் மனிதவள மேலாளர், ஆலைத் தலைவர், ஒப்பந்ததாரரின் ஆள், நான். அந்தப் பக்கம் இசக்கிமுத்து ஒருவர் மட்டும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கேமரா பதிவைப் போட்டார்கள். அதில் கிரேன் தெரிகிறது. தேவராஜ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறார். கிரேன் ஓடி வந்து நிற்கிறது. பிறகு மறுபடியும் ஓரடி முன்னால் நகர்ந்து நிற்கிறது.

"பட்டன்ல இருந்து விரல எடுத்துட்டேன்னு சொல்ற," என்றார் மேலாளர். "கிரேனும் நின்னுடுச்சு. அப்ப டை எப்படி முன்னாடி போச்சு?"

"அது வந்த வேகத்துல போச்சு சார்."

"யார் தள்ளினது? காத்தா?"

"மேல ஃபேன் ஓடிட்டிருக்கும் சார்," என்றார் ஒப்பந்ததாரரின் ஆள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இசக்கிமுத்து சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "ஆரும் தள்ளல சார். ஓடி வந்தது ஓடத்தான செய்யும்? அத நிறுத்துததுக்குத்தான் என்னமாச்சும் வேணும். அவன் கீழ விழுந்து கெடக்கான். டை பொறத்தால போயிட்டுத் திரும்ப வந்து அவன அடிச்சிரும். அதான் ஒரு தட்டு தட்டுனேன், கிரேன் போயி அதுக்கு நேர் மேல நிக்க. பொறவு ஆடாது."

"நிறுத்தறதுக்காக, முன்னாடி போற பட்டன அமுக்கின?"

"ஆமா சார்."

மறுபடியும் சிரிப்பு. மேலாளர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அது நான் நடத்திய பாதுகாப்பு வகுப்பின் தேர்வுத்தாள். பத்துக் கேள்விகள். ஏழாவது கேள்வி: 'பட்டனை விட்டால் சுமை என்ன ஆகும்?' இசக்கிமுத்து எழுதியிருந்த பதில்: 'கொஞ்ச தூரம் போய் ஆடும்.' அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. போட்டது நான். சரியான விடை என்று நான் வைத்திருந்தது: 'உடனே நிற்கும்.' பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தார்.

"அடிப்படையே புரியல பாருங்க," என்று ஆலைத் தலைவரிடம் தாளைக் காட்டினார் மேலாளர். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பிசிக்ஸ் படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. தள்ளுற விசை இல்லாம ஒரு பொருள் நகருமா?"

"நகராது," என்றேன்.

இசக்கிமுத்து என்னைப் பார்த்தார். "நீங்களா சார் சொல்லுதிய?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன். ஓடும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டேயிருக்கும், அதை மாற்றுவதற்குத்தான் விசை வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இருந்தும் அன்று 'நகராது' என்று சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். படித்தது தாளில் இருந்தது. உடம்பில் இருந்தது வேறு. பிறந்ததிலிருந்து நாம் பார்ப்பது என்ன? தள்ளினால் வண்டி ஓடுகிறது, தள்ளுவதை விட்டால் நிற்கிறது. ஆகவே ஓட்டத்துக்குக் காரணம் தள்ளுவது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நாம் கையை எடுத்த பிறகு தரைதான் உரசி உரசி வண்டியை நிறுத்துகிறது, அதுவும் ஒரு விசைதான் என்பதைக் கவனிப்பதில்லை. கயிற்றில் தொங்கும் சுமைக்குத் தரை கிடையாது. இசக்கிமுத்து ஆறு வருடமாகத் தரையில்லாத பொருளை ஓட்டியவர். அவருக்குத் தெரிந்திருந்தது.

நம்பிக்கை மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. இசக்கிமுத்து சொல்வது சரி என்றால் என் வகுப்பு தவறு. ஒன்பது வருடம், நூற்று எண்பத்தாறு வகுப்புகள். ஓய்வு பெற எனக்கு ஏழு மாதமும் பதினேழு நாளும் பாக்கி இருந்தன. யோசித்துப் பார்க்கவே மனம் வரவில்லை. அன்று மாலையே அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்: 'ஆப்பரேட்டர் பட்டனை மீண்டும் இயக்கியதே சுமை நகர்ந்து மோதியதற்குக் காரணம்.' காரணம் என்ற சொல்லைத் தட்டச்சில் விட்டுவிட்டார்கள் என்று நானே பேனாவால் எழுதிச் சேர்த்தேன்.

திங்கட்கிழமை இசக்கிமுத்துவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒரகடம் தொழிற்பேட்டையில் கிரேன் வேலைக்கு எங்கே போனாலும், முன்னால் எங்கே இருந்தாய், ஏன் விட்டாய் என்று கேட்டு ஒரு போன் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு போனே போதும்.

பத்து நாள் கழித்து, கோப்பை அலமாரியில் வைக்கும் முன் பதிவை இன்னொரு முறை பார்த்தேன். என் பழக்கம் அது. வைக்கும் முன் பக்கங்களை எண்ணுவேன், படம் இருந்தால் வினாடிகளை எண்ணுவேன். கிரேன் நின்றது பத்து நாற்பது பதினேழாவது வினாடியில். மறுபடி நகர்ந்தது பத்தொன்பதாவது வினாடியில். இரண்டுக்கும் நடுவில், பதினெட்டாவது வினாடியில், ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் தலைக்கவசம் உருண்டு வெளியே வருகிறது.

தேவராஜின் தலைக்கவசம். விசாரணையின்போது நாங்கள் யாரும் தரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினெட்டில் அவர் விழுந்துவிட்டார். பத்தொன்பதில்தான் இசக்கிமுத்து பட்டனைத் தட்டியிருக்கிறார். நான் பேனாவால் எழுதிச் சேர்த்த காரணம், நடந்ததற்கு ஒரு வினாடி பின்னால் இருந்தது.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். தலைக்கவசம் மூன்று முறையும் பதினெட்டில்தான் வந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் படம் தெளிவில்லை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஜூன் முப்பது, ஞாயிற்றுக்கிழமை. தகடு அழுத்தும் பிரஸ்கள் ஓடாத நாள். பராமரிப்புக்கு வந்திருந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அதே கிரேனில் அதே டையைத் தூக்கச் சொன்னேன். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன்.

"முழு வேகத்துல வாங்க. கோட்டுக்கு வந்ததும் விரல எடுத்துடுங்க," என்றேன்.

எடுத்தார். கிரேன் கோட்டுக்கு மேல் நின்றது. நான்கு டன் இரும்பு சத்தமே இல்லாமல் கோட்டைத் தாண்டி ஒன்றரை அடி போனது. திரும்பிப் பின்னால் போனது. மறுபடி வந்தது. நாற்பத்தொரு ஆட்டம் எண்ணினேன். அப்போதும் நான்கு விரல் அளவுக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"மறுபடி அதே மாதிரி வந்து விரல எடுங்க. டை முன்னாடி போய் நிக்கும்போது ஒரு தட்டு தட்டுங்க."

தட்டினார். கிரேன் போய் டைக்கு நேர் மேலே நின்றது. டை அசையாமல் தொங்கியது.

எலக்ட்ரீஷியன் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இத்த பாக்கவா சார் ஞாயித்துக்கெழம வந்தீங்க? கிரேன் ஓட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாச்சே இது."

"தெரியும்னா தேர்வுல ஏன் எல்லாரும் 'உடனே நிற்கும்'னு எழுதறீங்க?"

"நீங்க அத்தான சார் சரின்னு போடுவீங்க? பாஸ் ஆவணும்ல? உங்க கிளாஸ்ல உங்க பதிலு, கிரேனாண்ட வந்தா எங்க பதிலு." சிரித்துவிட்டுச் சொன்னார்: "இசக்கிக்கு மட்டும் அது வராது சார். அவன் ஒரு மாதிரி. கிளாஸ்லயும் உள்ளதத்தான் எழுதுவேம்பான்."

நான் ஒன்பது வருடமாகத் திருத்திய தாள்களில் ஏழாவது கேள்விக்கு எத்தனை பேர் உள்ளதை எழுதிச் சிவப்பு மை வாங்கினார்கள் என்று எண்ணவில்லை. எண்ணத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை காலை மனிதவள மேலாளரைப் பார்த்தேன். தலைக்கவசம், பதினெட்டாவது வினாடி, ஒன்றரை அடி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"சார், கேஸ் முடிஞ்சுபோச்சு. திறக்கலாம். திறந்தா காரணம்னு வேற ஒண்ணு எழுதணும். ஏழாவது கேள்விக்கு விடை யாரு எழுதினதுன்னு மேல கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"ஜனவரில நல்லபடியா வீட்டுக்குப் போங்க சார்," என்றார்.

என் இருக்கைக்குத் திரும்பினேன். அன்று வகுப்புக்கான பாடத்தையும் ஏழாவது கேள்வியின் விடையையும் மாற்றினேன். புதன்கிழமை வகுப்பில் இருபத்திரண்டு பேர். கிரேன் நின்றாலும் சுமை நிற்காது, மேலே பார்க்காதீர்கள், சுமையைப் பாருங்கள் என்று சொன்னேன். ஏன் மாற்றினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். விபத்து நடந்த இடத்துக்குப் போனால், இதை யார் தள்ளினார்கள் என்ற கேள்விதான் முதலில் நாக்குக்கு வரும். அந்தக் கேள்வி எப்போதும் ஓர் ஆளைப் பிடித்துக் கொடுக்கும். பெரும்பாலும் பட்டன் யார் கையில் இருந்ததோ அவரை. அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்த அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். எங்கள் ஆலையில் சுமையின் பாதையில் ஆள் நிற்காமல் தடுக்கத் தடுப்புக் கம்பி இல்லை. கிரேன் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும் கருவி இல்லை. தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒருவன் இருந்தான். நிறுத்துவதற்கு அங்கே இருந்தது இசக்கிமுத்துவின் ஒரு தட்டு மட்டும்தான். அதைத்தான் நாங்கள் குற்றமாக எழுதினோம்.

இன்னொன்று. அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது உங்களுக்கு ஓய்வு பெற எத்தனை நாள் பாக்கி என்பது நினைவுக்கு வந்தால், பேனாவைக் கீழே வையுங்கள்.

ஓய்வு பெற்ற இரண்டாவது மாதமே கொரோனா வந்தது. அதைச் சாக்காக வைத்து இரண்டு வருடம் ஓட்டினேன். 2022 பிப்ரவரியில் எலக்ட்ரீஷியனிடம் விசாரித்தேன். இசக்கிமுத்து ஊருக்குப் போய்விட்டு, திரும்பி வந்து இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கில் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறார் என்று தெரிந்தது. அவர் அதன் பிறகு கிரேன் பக்கமே போகவில்லை.

முத்திரைத்தாள் வாங்கி என் கையால் எழுதினேன். விபத்துக்கு இசக்கிமுத்து பொறுப்பல்ல, என் அறிக்கை தவறு, என் பயிற்சி தவறு. தேதி, கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

கிடங்கு வாசலில் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார். சௌக்கியமா இருக்கியளா?" என்று டீக்கடைக்குக் கூட்டிப்போனார். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. மனைவியும் மகளும் ஊரில்தான் இருக்கிறார்களாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஆறியது. கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்களுக்கு எப்பம் சார் தெரிஞ்சுது?"

"ஜூன் முப்பது. ஞாயிற்றுக்கிழமை."

விரலை மடக்கி எண்ணினார். "நான் ஜூலை நாலு வரைக்கும் இங்கனதான் ரூமுல கெடந்தேன். நீங்க ஒருத்தராச்சும் கூப்புடுவியன்னு நெனச்சேன். பொறவுதான் ரயிலேறுனேன்."

நான்கு நாள். சிங்கப்பெருமாள் கோவிலில் என் வீட்டிலிருந்து அந்த அறைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. தாளை நீட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு சார்," என்றார். "அன்னைக்கு இதுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு. இப்பம் இத ஆருகிட்ட கொண்டு காட்ட?"

"வச்சுக்கோங்க இசக்கி. எப்பவாவது..."

"சரி சார். ஒங்க மனசுக்காவ வச்சிக்கிடுதேன்." நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான் பணம் எடுப்பதற்குள் இரண்டு டீக்கும் அவரே கொடுத்துவிட்டார். இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டு, கிடங்கில் மணி அடித்ததால் உள்ளே போனார்.

ஓய்வு பெற்றபோது எனக்கு வரவேண்டியதெல்லாம் ஒரு ரூபாய் பிடித்தமில்லாமல் வந்தது. வழியனுப்பு விழாவில் சால்வை போட்டார்கள். 'நகராது' என்ற அந்த ஒரு சொல்லுக்காக என் கையிலிருந்து போனதை மட்டும் எழுதிவிடுகிறேன். முத்திரைத்தாள், விற்றவர் கமிஷனோடு முப்பது. போக பேருந்துக்கு இருபத்தைந்து, ஷேர் ஆட்டோவுக்கு இருபது. வர அதே நாற்பத்தைந்து. மொத்தம் நூற்றிருபது ரூபாய்.